கூண்டும் கடனும்

சென்ற ஆண்டு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பாடசாலை மணி அடித்து மாணவர்கள் கலைந்து கொண்டிருந்த வேளையில், பத்தாந் தரத்தில் பயிலும் மாணவன் ஒருவன் எம்மிடம் வந்து நின்றான். அவன் கையில் பழைய பிஸ்கற் பெட்டி ஒன்று இருந்தது. திறந்து காட்டினான். வெள்ளையும் மண்ணிறமும் கலந்த சிறு பிராணியொன்று, மயிர் சிலிர்த்து, கண்களை அரைவாசி மூடியபடி வைக்கோலின் மீது ஒடுங்கிக் கிடந்தது. தங்கையின் பிறந்தநாளுக்கென்று, தான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பட்டணத்துக் கடையொன்றில் சோடியாக வாங்கிய கினிப்பன்றிகளுள் ஒன்று அது.

“சேர், இது ரண்டு நாளாச் சாப்பிடுதில்லை. தொட்டால் கத்துது. எங்கை கொண்டு போய்க் காட்டலாம்?” என்று கேட்டான்.

எங்கே காட்டலாம்? மாடு என்றால் அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகம் உண்டு. நாய் என்றால் பட்டணத்திலே தனியார் சிகிச்சை நிலையம் உண்டு. இதற்கு எங்கே போவது? தமிழிலக்கியம் கற்பிக்கும் எமக்கு அந்த வினாவுக்கு விடை தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், கண்கலங்கி நிற்கும் மாணவன் முன் ‘தெரியாது’ என்று சொல்வது ஆசிரியனுக்கு எளிதன்று. அன்று மாலை அலுவலகங்கள் யாவும் பூட்டிவிட்டன. எமது பிள்ளையின் தொண்டை நோவுக்கு வாங்கி மிஞ்சியிருந்த அமொக்சிசிலின் குளிசைகள் வீட்டில் இருந்தன. பிள்ளைக்கு நல்லதைச் செய்த மருந்து பிராணிக்கும் நல்லதைச் செய்யும் என்று எண்ணினோம். ஒரு குளிசையைத் திறந்து, அதிலே சிறிதளவு தூளை நீரில் கரைத்து, இரு நாட்கள் புகட்டும்படி சொல்லிக் கொடுத்தனுப்பினோம்.

திங்கட்கிழமை அதற்கு வயிற்றோட்டம் கண்டது. செவ்வாய்க்கிழமை நாமும் அவனுமாகப் பட்டணத்து மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். இளம் பெண், நாயும் பூனையுமாக நிறைந்திருந்த சிகிச்சை நிலையம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்ததும் முதலிற் சொன்ன வார்த்தை எமக்கு இன்றும் நினைவிலிருக்கிறது: “இந்தப் பிராணியை நான் அதிகம் பார்த்ததில்லை. தெரிந்த அளவு செய்கிறேன். தெரியாததை என்னிலும் கூடத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்கிறேன்.” தொலைபேசியில் தெற்கிலுள்ள சகபாடி ஒருவரிடம் விசாரித்தார். பிறகு எம்மை நோக்கி, “இதற்கு ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா?” என்று கேட்டார். சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

புதன்கிழமை இரவு அது இறந்துவிட்டது.

வைத்தியர் எமக்கு விளக்கியவை இரண்டு. முதலாவது, அப்பிராணிக்கு வந்திருந்த நோய் தொற்றுநோயே அன்று. கினிப்பன்றியின் உடல், மனித உடலைப் போலவே, விற்றமின் ‘சி’யைத் தானாக உண்டாக்கிக்கொள்ள இயலாதது. நாய், பூனை, மாடு, முயல் எல்லாம் அதைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் அது உணவிலிருந்துதான் வரவேண்டும். கடைக்காரர் கொடுத்த கோழித் தீனையும் வீட்டுச் சோற்றையுமே தின்று வந்த பிராணிக்குச் சில வாரங்களுள் மூட்டுகள் வீங்கி, முரசு கசிந்து, தொட்டால் அலறும் நிலை வந்தது. பழங்காலக் கப்பலோட்டிகளைக் கொன்ற அதே ஸ்கேவி நோய். இரண்டாவது, மாட்டுக்கும் மனிதனுக்கும் உதவும் அமொக்சிசிலின், வாய்வழியே கொடுக்கப்பட்டால், கினிப்பன்றியின் குடலில் வாழ்ந்து அதன் சமிபாட்டுக்குத் துணைசெய்யும் நல்ல பற்றீரியாக்களை அழித்துவிடும்; அவற்றின் இடத்தில் நஞ்சைச் சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். நோய் உணவிலிருந்து வந்தது. மரணம் எமது கையிலிருந்து வந்தது.

அந்த மாணவனின் வீட்டு முற்றத்திலே ஒரு கொய்யாமரம் நிற்கிறது. கொய்யாப்பழம் விற்றமின் ‘சி’ நிறைந்தது. நாளுக்கு ஒரு சிறு துண்டும் கைநிறையப் பசும்புல்லும் போதுமாயிருந்தன.

நாம் தவறு செய்தோம் என்று ஒப்புக்கொள்வதற்காக மட்டும் இதனை எழுதவில்லை. எல்லாம் முடிந்த பின் அம்மாணவன் எம்மிடம் கேட்ட இன்னொரு கேள்விதான் எம்மை எழுத வைத்தது. “சேர், மாட்டுக்கு டொக்டர் இருக்கினம், நாய்க்கு இருக்கினம். இதுக்கு மட்டும் ஏன் இல்லை?” சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றினும், இதற்குள் ஒரு வரலாற்றுக் கேள்வியும் ஓர் அறக் கேள்வியும் அடங்கிக் கிடக்கின்றன. எந்த உயிருக்கு வைத்தியம் உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தீர்மானித்தவர் யார்? வைத்தியம் கிடைக்காத உயிரை வீட்டிற் கொண்டுவந்து அடைத்து வைக்க எமக்கு என்ன உரிமை?

வரலாற்றை முதலிற் பார்ப்போம். உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு அரச அனுமதி பெற்று, 1762இல் தன் பணியைத் தொடங்கியது. அதனை நிறுவிய குளோட் பூர்ஷெலா குதிரைப் பயிற்சியில் பெயர்பெற்றவர். அக்காலத்து ஐரோப்பாவில் மாட்டுக் கொள்ளைநோய் மந்தைகளை அழித்து, உழவையும் வரி வருமானத்தையும் ஒருங்கே சிதைத்துக் கொண்டிருந்தது. மன்னனுக்குப் படைக்குதிரை வேண்டும்; நிலவுடைமையாளனுக்கு உழவுமாடு வேண்டும். இவ்விரு தேவைகளிலிருந்தும் பிறந்த விஞ்ஞானமே மிருக வைத்தியம். 1791இல் லண்டனில் தொடங்கிய கல்லூரியும் குதிரையையே நடுவில் வைத்து வளர்ந்தது. குடியேற்ற ஆட்சிகள் இவ்விஞ்ஞானத்தை ஆசிய நாடுகளுக்குக் கொண்டுவந்தபோதும் நோக்கம் மாறவில்லை. உழைக்கும் பிராணி, பால் தரும் பிராணி, இறைச்சி தரும் பிராணி என்பனவே நோயாளிகள் எனும் தகுதி பெற்றன. நகர மத்தியதர வர்க்கம் வளர்ந்தபோது நாயும் பூனையும் அந்தப் பட்டியலிற் சேர்ந்தன. கூண்டுப் பறவையும் ஆமையும் கினிப்பன்றியும் மிகப் பிந்தியே கவனத்தைப் பெற்றன. பறவை வைத்தியர்களுக்கென அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றியதே 1980ஆம் ஆண்டில்தான்.

இவ்வரலாற்றை இகழ்வதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. லியோனில் தொடங்கிய அந்த விஞ்ஞானம் மாட்டுக் கொள்ளைநோயை உலகினின்றும் ஒழித்துக் காட்டியது. 2011ஆம் ஆண்டு அந்நோய் முற்றாக ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஏழை உழவரின் வாழ்வைக் காத்த சாதனை அது. நாம் சொல்ல வருவது வேறு. ஓர் உயிருக்கு வைத்தியம் இருப்பதும் இல்லாததும் அந்த உயிரின் வேதனையைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டதில்லை. அதனால் மனிதனுக்குக் கிட்டிய பயனைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. மாணவனின் ‘ஏன் இல்லை’ என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுவே.

ஆயின் கினிப்பன்றியின் விடயத்தில் இந்த விடை கூடப் பொருந்தவில்லை. மனிதனுக்கு இதைவிடப் பயன் தந்த சிறு பிராணி வேறு உண்டா என்பதே ஐயம்.

கினிப்பன்றி கினியா தேசத்ததுமன்று, பன்றியுமன்று. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனை உணவுக்காக வளர்த்துப் பழக்கினர். ஸ்பானியர் அந்நாடுகளைக் கைப்பற்றியபின், பதினாறாம் நூற்றாண்டிலே அது ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. முதலிற் செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளாயிற்று. பின்னர் ஆய்வுகூடத்தை அடைந்தது. 1782-83 மாரிக்காலத்தில் லவாசியேயும் லப்லாசும் சுவாசமும் ஒருவகை எரிதலே என்று காட்டுவதற்குப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்தது ஒரு கினிப்பன்றியைத்தான். 1882இல் ரொபேட் கொக் சயரோகத்தின் கிருமியை உலகுக்கு அறிவித்தபோது, அதனை நிரூபிக்கக் கினிப்பன்றிகளே நோயுற்றன. 1907இல் நோர்வே நாட்டு ஆய்வாளர்களான ஹோல்ஸ்ட், புரோலிக் என்போர் கப்பற் சிப்பந்திகளுக்கு வரும் வேறொரு நோயை ஆராயவென்று கினிப்பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டுமே கொடுத்து வளர்த்தனர். எதிர்பாராத வகையில் அவற்றுக்கு ஸ்கேவி நோய் கண்டது. முட்கோவாவும் எலுமிச்சஞ்சாறும் கொடுக்கக் குணமாயிற்று. உணவிலே இல்லாத ஒன்றினால் நோய் வரக்கூடும் என்பதை ஆய்வுகூடத்திலே சோதித்தறிய அது வழி திறந்தது. 1930களில் சென்ற்-ஜியோர்ஜி விற்றமின் ‘சி’யை இனங்கண்டதும் கினிப்பன்றிகளின் மீதான சோதனையால் உறுதியாயிற்று, 1937இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

எமது மாணவன் தங்கையின் கூண்டிலே செய்ததை மீண்டும் நினைத்துப் பாருங்கள். தானியமும் சோறும் மட்டும் கொடுத்தான். பிராணிக்கு ஸ்கேவி வந்தது. 1907இல் நோர்வேயில் நடந்த சோதனையை, நூறு ஆண்டுகளுக்கு மேலான பின், தான் செய்வது இன்னதென்று அறியாமலே ஒரு சிறுவன் மறுபடியும் செய்து முடித்திருக்கிறான். நாமோ அதற்கடுத்த சோதனையைச் செய்தோம். பெனிசிலின் கினிப்பன்றிக்கு நஞ்சாகும் என்பது 1943ஆம் ஆண்டிலேயே ஆய்வேடுகளில் எழுதப்பட்ட செய்தி. அமொக்சிசிலினும் அக்குடும்பத்து மருந்தே. எண்பது ஆண்டுகளுக்கு முன் அறியப்பட்டுவிட்ட ஒன்றை அறியாமல் நாம் ஓர் உயிரைக் கொன்றோம்.

மனிதகுலத்தின் மருத்துவ அறிவை வளர்க்கத் தன் உடலைக் கொடுத்த பிராணி அது. அந்த அறிவிலே அதற்குரிய பங்கு மட்டும் அதனிடம் திரும்பி வரவில்லை. உழைத்தவனிடமிருந்து எடுக்கப்பட்டது உழைத்தவனைச் சென்றடையாமை எமக்குப் புதிய செய்தியன்று. தேயிலை கிள்ளும் கை நல்ல தேயிலையைக் குடிப்பதில்லை. தொழிலாளியையும் பிராணியையும் நாம் ஒன்றாக்கவில்லை. தொழிலாளி தன் பங்கைக் கேட்டுப் போராட வல்லவன், பிராணி ஒருபோதும் கேட்காது. கேட்க இயலாதவரிடம் பட்ட கடனை யார் நினைவூட்டுவது?

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் பெருங்கூட்டமாகப் பறந்து திரியும் சிறு கிளியை 1840ஆம் ஆண்டளவில் ஜோன் கூல்ட் என்பவர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். கூண்டிலேயே பெருகிப் பெருகி இன்று அது எமது ஊர்க் கடைகளிலும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் தொங்குகின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த, காதோரம் சிவப்புக் கோடுடைய ஆமைக்குஞ்சு கண்ணாடித் தொட்டியில் விற்கப்படுகின்றது. 20, 30 ஆண்டுகள் வாழக்கூடிய அது பெரிதானதும் பலர் குளத்திலும் வாய்க்காலிலும் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். உலகச் சந்தை எந்த மூலையிலுள்ள உயிரையும் எந்த மூலைக்கும் கொண்டுவந்து சேர்க்க வல்லது. ஆனால் அவ்வுயிர் என்ன உண்ணும், எதனால் நோயுறும், நோயுற்றால் யார் பார்ப்பார் என்ற அறிவைச் சந்தை கூடவே கொண்டுவருவதில்லை. அறிவை விற்று இலாபமில்லை. அரிசி ஆலைக்கு ஒரு யந்திரம் வாங்கினால் அதனை இயக்கும் கைந்நூல் ஒன்று தருகிறார்கள். உயிருள்ள பிராணியை வாங்கினால் ஒரு துண்டுக் கடதாசியும் தருவதில்லை.

அறியாமையின் விலை எவ்வளவு பெரியது என்பதற்கு எமது தவறு ஒன்றே சான்றன்று. மாடு ஆடுகளின் புழுக்களுக்குக் கொடுக்கப்படும் ஐவமெக்ரின் ஆமைக்குக் கொல்லும் நஞ்சு. பறவைக்கு மனிதனுக்குள்ளது போன்ற பிரிமென்றகடு இல்லை. நெஞ்சை விரித்தே அது மூச்சு வாங்கும். அன்போடு இறுகப் பற்றிய கையே அதன் மூச்சை நிறுத்திவிடும். வேட்டையாடப்படும் உயிர்கள் தமது நோயை இயன்றவரை மறைக்கும். பறவை கூண்டின் அடியில் ஒடுங்கிக் குந்துவதை நாம் காணும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இன்னும் பெரியதோர் உதாரணம் இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் நிகழ்ந்தது. மாட்டின் நோவுக்குக் கொடுத்த டைக்குளோபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. கோடிக்கணக்கில் இருந்த பறவைகளின் சில இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. காரணம் 2004இல் கண்டறியப்பட்டு, 2006இல் இந்தியா அம்மருந்தை மிருக வைத்தியத்தில் தடைசெய்தது. ஓர் உடலுக்கு மருந்தாவது இன்னோர் உடலுக்கு நஞ்சாகும் என்பது இவற்றாற் பெறப்படும் பாடம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். எழவேண்டியதும்தான். ‘2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எமது நாட்டு வைத்தியசாலைகளில் மனிதருக்கே மருந்தில்லாமற் போயிற்று. தோட்டப்புறத்துத் தாய் ஒருத்தி வைத்தியரைக் காண மைல் கணக்கில் நடக்கிறாள். அப்படிப்பட்ட நாட்டிலே கினிப்பன்றிக்கு வைத்தியம் கேட்பது செல்வர் வீட்டுக் கவலையன்றோ?’ என்று தோழர்கள் கேட்கலாம்.

இவ்வாதத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. மனிதருக்கான ஒரு கட்டிலை எடுத்துப் பிராணிக்குக் கொடு என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் முதலில் எதிர்ப்பவர் நாமாக இருப்போம். ஆனால் எமது சம்பவத்திலே தேவைப்பட்டது எது? ஒரு துண்டுக் கொய்யாப்பழமும் ஒரு வாக்கியமும். ‘இதற்குப் புல்லும் பழமும் கொடு, மனிதர் மருந்தைக் கொடாதே’ என்ற அந்த வாக்கியத்துக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை. செல்வர் வீட்டுக் கவலை என்பதும் முழு உண்மையன்று. செல்வர் தம் வெளிநாட்டுக் கிளியைக் காரிலேற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவர். 300 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தியர் இருந்தால், அந்தத் தூரம் ஏழைக்கு மட்டுமே தூரம். கூலித் தொழிலாளியின் மகன் சேமித்த பணத்தில் வாங்கிய பிராணிதான் பிஸ்கற் பெட்டிக்குள் இறக்கிறது; அவனுடைய தங்கைதான் அதைப் புதைக்கிறாள்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. காட்டிலுள்ள முயலுக்கும் நோய் வருகிறது. அதற்கு யார் வைத்தியம் செய்கிறார்? கூண்டிலுள்ளதற்கு மட்டும் ஏன் இந்த உரிமை? இந்த வினாவுக்கான விடையில்தான் எமது கருத்தின் அச்சு இருக்கிறது. காட்டு உயிர் தன் உணவைத் தானே தேடுகிறது. வெயில் வேண்டுமெனில் வெயிலிலும் நிழல் வேண்டுமெனில் நிழலிலும் நிற்கிறது. அதற்கு நாம் கடன்பட்டது, அதன் வாழ்வைக் கெடாமலிருத்தல் ஒன்றே. கூண்டிலுள்ள உயிருக்கோ நாம் கொடுத்ததைத் தவிர வேறு உணவில்லை. நாம் காட்டியதைத் தவிர வேறு வெயிலில்லை. முற்றத்துக் கொய்யாமரம் கினிப்பன்றியின் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே நின்றது. கம்பி இல்லாதிருந்தால் விழுந்த பழத்தை அதுவே தின்றிருக்கும். எனவே கடன் பிறப்பது பிராணியின் அருமையினாலுமன்று, அழகினாலுமன்று, நாம் அதன்மீது கொண்ட அன்பினாலுமன்று. அதன் வழியை அடைத்த கம்பியினால் அது பிறக்கிறது.

மனிதர் விடயத்தில் இக்கொள்கையை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. சிறையிலிடப்பட்டவனின் உடல்நலத்துக்கு அவனைச் சிறையிட்ட அரசே பொறுப்பு என்பதை, 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கிய விதிகள் வலியுறுத்துகின்றன. குற்றஞ் செய்தவனுக்கே இவ்வுரிமை உண்டெனில், எக்குற்றமும் செய்யாமல் எமது மகிழ்ச்சிக்காக மட்டும் அடைக்கப்பட்ட உயிருக்கு இல்லையெனச் சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

அன்பு இருந்தாற் போதாதா என்று கேட்போருமுண்டு. தமிழ் படித்த எமக்கு இங்கே பேகனின் நினைவு வருகிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த அவ்வள்ளலின் செயலைக் கொடைமடம் என்று புலவர் மரபு போற்றிற்று. நாமும் ஆண்டுதோறும் வகுப்பறையில் அதனைப் போற்றியே கற்பித்து வந்தோம். ஆனால் பரணர் பாட்டை மீண்டும் படித்தபோது ஒன்று கண்ணிற் பட்டது: மயில் அப்போர்வையை உடுக்காது, போர்த்திக்கொள்ளாது என்பது பேகனுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் கொடுத்தான். அவனுடைய மடம் கொடையின் மிகுதி. எம்முடைய மடமோ வெறும் அறியாமை. போர்வையினால் மயிலுக்குத் தீங்கு விளையவில்லை. எமது மருந்தினால் உயிர் போயிற்று. இரண்டையும் அன்பு என்ற ஒரே சொல்லால் வழங்குவது மொழிக்கும் நேர்மையன்று. அறிய முயலாத அன்பு, அன்பு செலுத்தப்படும் உயிரைக் காணாமல் தன்னையே கண்டு மகிழ்கின்றது.

சட்டத்துக்குப் புறம்பாக அடைக்கப்பட்ட உயிர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எமது நாட்டின் வறண்ட பிரதேசங்களில் வாழும் நட்சத்திர ஆமை சட்டத்தாற் காக்கப்பட்டது. அதன் சர்வதேச வணிகத்தைத் தடுக்க 2019ஆம் ஆண்டு உலக நாடுகள் அதனை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்தன. அது சரியான செயல். எனினும் அதைக் களவாக வைத்திருப்பவன், ஓடு மென்மையாகி அது நடக்க முடியாமற் போகும்போது, தண்டனைக்கு அஞ்சி வைத்தியரிடம் கொண்டு செல்லான். குற்றம் மனிதனுடையது, தண்டனை ஆமைக்கு. ஆகவே, அடைத்து வைத்தல் எங்கே தகாதோ அங்கே அடைக்காமலிருப்பதே முதல் வைத்தியம் என்போம். ஏற்கெனவே அடைபட்டதை அஞ்சாமற் கொண்டுவந்து ஒப்படைக்க ஒரு வாயிலும் திறந்திருக்க வேண்டும்.

வைத்தியர்களைக் குறைசொல்லல் எமது நோக்கமன்று. ஒரு மனித வைத்தியர் ஓர் இனத்தின் உடலை மட்டும் கற்றாற் போதும். மிருக வைத்தியரோ மாட்டையும் கோழியையும் நாயையும் கற்றபின், கிளியையும் பல்லியினத்தையும் ஆமையையும் கற்க வேண்டியவர். அத்தனையும் ஒருவரால் இயலாது. எமக்கு உதவிய வைத்தியர் சொன்ன ‘அதிகம் பார்த்ததில்லை’ என்ற சொற்கள் அவருக்குச் சிறுமை தரவில்லை. எமக்கு அன்று இல்லாமற் போன நேர்மை அவரிடம் இருந்தது. தெரியாது என்று சொன்னவர் தெரிந்தவரைத் தேடினார். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட நாம் நஞ்சைக் கொடுத்தோம். வேண்டப்படுவது, அவ்வாறு தேடும் வைத்தியருக்கு ஒரு வழி. மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனையில் இருக்கிறது. மாவட்டந்தோறும் அரசாங்க வைத்தியர்கள் இருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே, அரிய பிராணிகளைப் பற்றிய ஐயங்களைக் கேட்கவும் விடை பெறவும் ஒழுங்கானதொரு தொடர்பு அமையுமாயின் 300 கிலோமீற்றர் தூரம் ஒரு தொலைபேசி அழைப்பாகக் குறையும். விற்பவரும் சும்மா இருத்தலாகாது. எந்தப் பிராணியை விற்றாலும் அதன் உணவு, ஆயுள், நோய்க்குறி, கொடுக்கத்தகாத மருந்து ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

ஆசிரியர்களாகிய எமக்கும் ஒரு வேலை உண்டு. ஸ்கேவி நோயைப் பற்றி விஞ்ஞான பாடத்தில் மாணவர் மனனஞ் செய்கின்றனர். பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். அந்த மாணவனும் அதற்கு முன்னைய தவணையில் அக்கேள்விக்குச் சரியான விடை எழுதியவனே. புத்தகத்திலுள்ள ஸ்கேவியும் தன் பெட்டிக்குள் இருக்கும் ஸ்கேவியும் ஒன்றென அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமற் போனது அவன் குற்றமா, அவ்வாறு கற்பித்த எமது குற்றமா?

இன்னொரு செய்தியையும் சொல்லி முடிக்கிறோம். சோடியில் மற்றையது பிழைத்துக்கொண்டது. அதுவும் நொண்டத் தொடங்கியிருந்தது. கொய்யாவும் புல்லும் தின்று சில வாரங்களில் தேறிவிட்டது. சென்ற மாதம் அவன் மீண்டும் எம்மிடம் வந்தான். கினிப்பன்றி கூட்டமாக வாழும் இனம், தனியே விடுவது அதற்குத் துன்பம் என்று எங்கோ படித்திருக்கிறான். அது உண்மையே, சுவிற்சர்லாந்திலே அதனைத் தனியே வளர்ப்பதை 2008ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் தடைசெய்கின்றன. துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்பதே அவன் கேள்வி. வாங்கினால் அது இறக்கும்போது மற்றது மீண்டும் தனிமையாகும். வாங்காவிட்டால் இது இப்போதே தனிமையில் வாடும். அவனுக்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. இம்முறை ‘தெரியாது’ என்றே சொன்னோம்.

அவன் சிறிது யோசித்துவிட்டு, “அப்ப முதல்ல அந்த டொக்டரிட்டைக் கேட்டுப் போட்டு வாங்குறதோ விடுறதோ எண்டு பாப்பம், சேர்” என்றான். ‘எங்கை காட்டலாம்’ என்ற கேள்வியைச் சென்ற முறை அவன் பிராணி நோயுற்ற பின்பு கேட்டான். இம்முறை வாங்குமுன் கேட்கிறான். நாடு முழுவதும் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே, கேட்கவேண்டிய நேரமும் அதுவே.